ஸஜ்தாவிலிருந்து எழச் சிரமமா? கொலஸ்ட்ரால் மாத்திரையும் தசை, நரம்புத் தொல்லைகளும்



பள்ளிவாசலில் நம்மிடம் அதிகம் கேட்கப்படும் மஸ்அலாக்களில் ஒன்று, "ஹஜ்ரத், நாற்காலியில உட்கார்ந்து தொழலாமா?" என்பது. முன்பெல்லாம் இதற்குச் சட்டத்தை மட்டும் சொல்லி அனுப்பிவிடுவோம். நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம் என்பது, மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த சலுகை. கேட்டவர் நிம்மதியாகப் போவார். அடுத்த வக்திலிருந்து கடைசி ஸஃப்பில் ஒரு நாற்காலி கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் அறுபதைத் தாண்டிய ஒரு பாய் இதே கேள்வியோடு வந்தார். இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு தொடையும் கல்லாகக் கனக்கிறது, ஸஜ்தாவிலிருந்து எழும்போது கையை ஊன்றினாலும் உடம்பு தூக்கவில்லை என்றார். "வயசாயிடுச்சுல்ல ஹஜ்ரத்" என்று அவரே காரணமும் சொன்னார். நாமும் ஆமாம் என்று தலையாட்டினோம்.

மூன்று வாரம் கழித்து அவருடைய மகன் வந்தார். "வாப்பா எல்லா மாத்திரையையும் நிறுத்திட்டாங்க ஹஜ்ரத். கொழுப்பு மாத்திரைதான் காலைப் பிடிக்குதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. நீங்க சொல்லுங்க" என்றார். கொழுப்பு மாத்திரை எது என்று அட்டையைப் பார்த்துப் பிரிக்கத் தெரியாமல், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரைகளையும் சேர்த்தே அந்தப் பெரியவர் நிறுத்தியிருந்தார். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் இந்த மாத்திரைகளை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் கட்டிக்கொண்டு மாரடைப்பு வரலாம். அல்லாஹ் காப்பாற்றினான்.

அவர் செய்தது தவறுதான். ஆனால் முதல் தவறு நம்முடையது. "எப்போதிலிருந்து இந்த வலி? என்ன மாத்திரை புதிதாகச் சாப்பிடுகிறீர்கள்?" என்று நாம் கேட்டிருந்தால், அன்றே அவரை மருத்துவரிடம் அனுப்பியிருப்போம். நாம் மருத்துவர் அல்ல. ஆனால் கேள்வி முதலில் வருவது நம்மைப் போன்றவர்களிடம்தான் என்பதால், அதன் பிறகு படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

இந்த மாத்திரை என்ன செய்கிறது?

கொலஸ்ட்ரால் மாத்திரை, கொழுப்பு மாத்திரை என்று நம் வீடுகளில் சொல்லப்படுவது பெரும்பாலும் ஸ்டாட்டின் வகை மருந்து. அட்டையில் உள்ள கம்பெனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

இதன் தொடக்கம் ஒரு பூஞ்சை. ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் இருந்த நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து இவ்வகையின் முதல் பொருளை 1973இல் கண்டெடுத்தார். விற்பனைக்கு வந்த முதல் ஸ்டாட்டின் லோவாஸ்டாட்டின். அதுவும் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுக்கப்பட்டதுதான். அமெரிக்காவில் அதற்கு 1987இல் அனுமதி கிடைத்தது. பூஞ்சை என்றதும் ஹலாலா என்று சிலர் கேட்கிறார்கள். போதையும் நஜீஸும் இல்லாத பூஞ்சையில் தடை ஏதும் இல்லை. இன்று அதிகம் எழுதித் தரப்படும் அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் முழுக்க ரசாயன முறையில் தயாராகின்றன.

நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும் பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதல்ல, உடம்பே தயாரிப்பது. அந்தத் தயாரிப்பில் முக்கியமான ஒரு நொதியை ஸ்டாட்டின் தடுக்கிறது. கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் பற்றாக்குறை வரும்போது, அது இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பை அதிகமாக இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அளவு குறைகிறது. இரத்தக் குழாயில் உள்ள படிமம் உடைந்து அடைப்பு உண்டாகும் வாய்ப்பும் குறைகிறது.

பயன் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லலாம். ஏற்கனவே இதய நோய் இருந்த 4,444 பேரை வைத்து ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த ஆய்வு 1994இல் வெளியானது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ந்து பார்த்ததில், சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே மரணம் 30 சதவீதம் குறைந்திருந்தது. மாரடைப்பு வந்தவருக்கும், ஸ்டென்ட், பைபாஸ் செய்தவருக்கும், பக்கவாதம் வந்தவருக்கும் மருத்துவர்கள் இதை ஏன் விடாமல் எழுதுகிறார்கள் என்பது இதிலிருந்து புரியும். இதயத்துக்குக் கருஞ்சீரகம் போதும் என்று இதை நிறுத்துகிறவர்களும் நம்மில் உண்டு. கருஞ்சீரகத்தின் சிறப்பைச் சொன்ன அதே நபி (ஸல்) அவர்கள்தான் நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்றும் ஏவினார்கள். ஒன்றைக் காட்டி மற்றதை விடச் சொல்லவில்லை.

தசை வலி: எப்படி இருக்கும்?

கொலஸ்ட்ரால் தயாராகும் அதே பாதையில் வேறு சில பொருட்களும் தயாராகின்றன. தசைச் செல்கள் சக்தி உண்டாக்கப் பயன்படுத்தும் கோ-என்சைம் க்யூ10 அவற்றில் ஒன்று. ஸ்டாட்டின் தசையைத் தொல்லைப்படுத்துவதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் இதுவும் உண்டு. ஆனால் அந்தக் க்யூ10 மாத்திரையைத் தனியாக வாங்கிச் சாப்பிட்டால் வலி போகுமா என்று பார்த்த ஆய்வுகள் ஒன்றுபோல் முடிவு தரவில்லை. விலையும் குறைவல்ல. மருந்துக் கடையில் சொல்கிறார்கள் என்று வாங்க வேண்டாம்.

மருந்தினால் வரும் வலிக்குச் சில அடையாளங்கள் உண்டு. அது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பெரிய தசைகளில், அதாவது தொடை, பிட்டம், கெண்டைக்கால், இடுப்பு, தோள்பட்டை ஆகியவற்றில் வரும். மாத்திரை தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய முதல் சில வாரங்களில் தலைகாட்டும். மருத்துவர் சொல்லி நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் குறையும். ஒரு முழங்கால் மட்டும் வலிக்கிறது, மூட்டு வீங்கியிருக்கிறது, இடுப்பிலிருந்து ஒரு காலில் மட்டும் மின்னல் மாதிரி இறங்குகிறது என்றால் மூட்டுத் தேய்மானம், முதுகுத்தண்டு போன்ற வேறு காரணங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

வலியைவிடக் கவனிக்க வேண்டியது பலவீனம். இங்கேதான் தொழுகை ஒரு அளவுகோலாக அமைகிறது. தக்பீருக்குக் கையைத் தோள் வரை தூக்குவது, ருகூவிலிருந்து நிமிர்வது, ஸஜ்தாவிலிருந்து நிலைக்கு எழுவது எல்லாமே தோள், இடுப்பு, தொடைத் தசைகளின் வேலை. மருத்துவர் தன் அறையில் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழச் சொல்லிச் சோதிப்பார். அதைவிடக் கடினமான சோதனையை நாம் ஒரு நாளில் பலமுறை செய்துகொண்டிருக்கிறோம். போன மாதம் சாதாரணமாக எழுந்தவர் இந்த மாதம் பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்து எழுகிறார் என்றால், அதை வயசு என்று எழுதிவிடக் கூடாது. வயசு ஒரே மாதத்தில் கூடிவிடாது.

வலிக்கெல்லாம் மாத்திரைதான் காரணமா?

இல்லை என்பதுதான் ஆய்வுகள் சொல்லும் பதில். வாட்ஸ்அப் செய்திகளில் இந்தப் பகுதி வருவதே இல்லை.

உண்மை மாத்திரையா போலி மாத்திரையா என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி நடத்தப்பட்ட 19 பெரிய ஆய்வுகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2022இல் வெளியிட்டார்கள். மொத்தம் 1,23,940 பேர். ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 சதவீதம் பேர் தசை வலி அல்லது பலவீனம் என்றார்கள். எந்த மருந்தும் இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 26.6 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு மாத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கை கால் வலிக்கத்தான் செய்கிறது. முதல் ஆண்டில் மட்டும் ஆயிரம் பேருக்குச் சுமார் 11 பேர் அளவுக்கு மருந்தினால் கூடுதலாக வந்திருக்கிறது. ஸ்டாட்டின் எடுப்பவர் சொல்லும் தசைத் தொல்லைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மருந்தினால் வந்ததல்ல என்பது அவர்கள் கண்ட முடிவு.

இன்னொரு ஆய்வு லண்டனில் நடந்தது, 2020இல் வெளியானது. சிறியதுதான், 60 பேர். ஆனால் அத்தனை பேரும் தொல்லை தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்தியவர்கள். அவர்களுக்கு ஒரு வருடத்துக்குப் பன்னிரண்டு பாட்டில்கள் கொடுத்தார்கள். நான்கில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், நான்கில் போலி மாத்திரை, நான்கு காலி. எந்த மாதம் எந்தப் பாட்டில் என்பது கலைத்துப் போடப்பட்டது. ஒவ்வொரு நாளும் தொல்லைக்கு நூறுக்கு எத்தனை மதிப்பெண் என்று அவர்களே பதிய வேண்டும். காலிப் பாட்டில் மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. போலி மாத்திரை மாதங்களில் 15.4! மருந்தில் தெரிந்த தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு, மருந்தே இல்லாத மாத்திரையிலும் தெரிந்திருக்கிறது. முடிவைக் காட்டியபோது அவர்களில் பாதிப் பேர் மறுபடியும் மாத்திரையைத் தொடங்கினார்கள்.

இதை வைத்து, "எல்லாம் உன் வஸ்வாஸ்" என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டாம். அந்த 60 பேருக்கும் வலி உண்மையாகவே இருந்தது. தீங்கு வரும் என்று எதிர்பார்க்கும் உடம்பு உண்மையாகவே வலியை உணர்கிறது. வலி பொய்யல்ல, அதன் காரணம்தான் வேறு. நாம் சொல்ல வருவது, காரணத்தை நாமாகவே தீர்மானிக்க முடியாது என்பதை மட்டும்தான்.

உண்மையிலேயே ஆபத்தான நிலை

மிகச் சிலருக்குத் தசைச் செல்கள் உடைந்து, உள்ளே இருக்கும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை வரலாம். கடுமையான தசை வலி, எழுந்து நடக்க முடியாத பலவீனம், பால் ஊற்றாத டீ போலக் கறுத்த சிறுநீர் ஆகியவை இதன் அடையாளம். காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து வரலாம். இந்த நிறத்தில் சிறுநீர் போனால் காலை வரை காத்திருக்கக் கூடாது. அந்த நேரமே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், எடுத்துக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

இது எவ்வளவு அரிது என்றால், பத்தாயிரம் பேர் ஐந்து ஆண்டுகள் நல்ல அளவில் ஸ்டாட்டின் எடுத்தால் தசை நோய் என்று சொல்லத்தக்கது சுமார் ஐந்து பேருக்கு வரும், அவர்களில் ஒருவருக்கு இந்தக் கடுமையான நிலை வரலாம் என்பது 2016இல் வெளியான மதிப்பீடு. அதே பத்தாயிரம் பேர் ஏற்கனவே இதய நோய் உள்ளவர்களாக இருந்தால், அவர்களில் ஆயிரம் பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை தடுக்கப்படும் என்றும் அதே மதிப்பீடு சொல்கிறது.

இவ்வகை மருந்துகளின் வரலாற்றில் ஒரு கசப்பான அத்தியாயமும் உண்டு. செரிவாஸ்டாட்டின் என்ற மருந்து 2001 ஆகஸ்டில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. தசை உடைந்து இறந்ததாக அப்போது 52 மரணங்கள் பதிவாகியிருந்தன. அதிக அளவு எடுத்தவர்களும், ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தைச் சேர்த்து எடுத்தவர்களும் அவர்களில் அதிகம். சிம்வாஸ்டாட்டினில் 80 மில்லிகிராம் அளவைப் புதிதாக யாருக்கும் தொடங்க வேண்டாம் என்று 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்ததும் தசைப் பாதிப்பை வைத்துத்தான். ஆபத்து அளவிலும் சேர்க்கையிலும்தான் அதிகம் இருக்கிறது.

மிக மிக அரிதாக இன்னொன்றும் உண்டு. மாத்திரையை நிறுத்தி மாதங்கள் ஆனாலும் பலவீனம் குறையாமல் கூடிக்கொண்டே போகும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தசையைத் தாக்கும் நோய் அது. நிறுத்தினால் மட்டும் சரியாகாது, தனி சிகிச்சை தேவை. மையஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள் சிலருக்கு ஸ்டாட்டினால் அது கூடியதாகவும் பதிவுகள் உள்ளன. அந்த நோய் இருந்தால் மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

யாருக்குக் கூடுதல் கவனம்?

வயதானவர்கள், மெலிந்த உடம்புக்காரர்கள், பெண்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். ரோசுவாஸ்டாட்டினைப் பொறுத்தவரை இந்தியர் உள்ளிட்ட ஆசியர்களின் இரத்தத்தில் மருந்தின் அளவு வெள்ளையரைவிடச் சுமார் இரண்டு மடங்கு ஏறுவது கண்டறியப்பட்டு, 5 மில்லிகிராமில் தொடங்குவதைக் கருதும்படி அமெரிக்க மருந்துக் குறிப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நண்பர் 40 மில்லிகிராம் சாப்பிடுகிறார் என்று நாம் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையில்லை.

தைராய்டு குறைவாகச் சுரப்பதை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அது கொலஸ்ட்ராலையும் ஏற்றும், தசை வலியையும் தானாகவே உண்டாக்கும், ஸ்டாட்டினால் வரும் தொல்லையையும் கூட்டும். மேலே சொன்ன பாயின் கதை இப்படித்தான் முடிந்தது. மருத்துவர் சி.பி.கே. பார்த்தார், கொஞ்சம் கூடுதல். தைராய்டு பார்த்தார், நன்றாகக் குறைந்திருந்தது. தைராய்டு மாத்திரை கொடுத்து, சில வாரம் கழித்து வேறொரு ஸ்டாட்டினைக் குறைந்த அளவில் தொடங்கினார். ரமளானுக்குள் அவர் நாற்காலியை விட்டுவிட்டார்.

மருந்துச் சேர்க்கைக்கு வருவோம். சளி, நெஞ்சுத் தொற்றுக்குக் கொடுக்கப்படும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், படர்தாமரைக்குக் கொடுக்கப்படும் இட்ராகோனசோல், கீல்வாதத்துக்கான கோல்சிசின், சில இரத்த அழுத்த மாத்திரைகள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சில ஸ்டாட்டின்களோடு சேரும்போது ஆபத்தைக் கூட்டும். நம் ஊர்களில் படர்தாமரைக்கு மருந்துக் கடையிலேயே மாத்திரை வாங்கிச் சாப்பிடும் பழக்கம் அதிகம். கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் அதைச் சொல்லாமல் இட்ராகோனசோல் வாங்கக் கூடாது. வெளிநாடுகளில் கிடைக்கும் கிரேப்ஃப்ரூட் பழச்சாறும் அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டினோடு அதிகமாகக் குடிக்கக் கூடாத ஒன்று. "இயற்கை மருந்து" என்று விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருப்பது லோவாஸ்டாட்டின்தான், பெயர்தான் வேறு.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் உள்ள குடும்பங்களில் இன்னொரு தவறு நடக்கிறது. அங்கே வாங்கிய ஆறு மாத மாத்திரை ஒரு கம்பெனிப் பெயரில் இருக்கும். ஊருக்கு வந்து இங்குள்ள மருத்துவரைப் பார்த்தால் அதே மருந்தை வேறு பெயரில் எழுதித் தருவார். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். இதயத்துக்கு என்று தரப்படும் சில மாத்திரைகளில் ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் ஒன்றாகவே இருப்பதால், அதிலும் இப்படி இரட்டிப்பாகலாம். பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

நரம்புத் தொல்லை

தசைக் கோளாறும் நரம்புக் கோளாறும் ஒன்றல்ல. மதமதப்பு, ஊசி குத்துவது, எரிச்சல், காலில் சாக்ஸ் போட்டிருப்பது போன்ற உணர்வு, பாதத்தில் தொடங்கி மெல்ல மேலே ஏறுவது, இவை நரம்பின் அடையாளங்கள். ஸ்டாட்டின் இதை உண்டாக்குமா என்பதில் டென்மார்க்கில் நடந்த இரண்டு ஆய்வுகளைப் பார்த்தாலே நிலைமை புரியும். 2002இல் வந்த ஆய்வு, ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கு இந்த நரம்புக் கோளாறு பல மடங்கு அதிகம் என்றது. உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதே நாட்டில், முதல் ஆய்வைச் செய்தவர்களும் பங்கேற்று இன்னும் அதிகமான நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது. தொடர்பு இல்லை என்று அது சொன்னது. தாங்கள் சொன்னதையே மறுபடி சோதித்து மாற்றிச் சொன்ன அந்த நேர்மை நமக்குப் பிடித்திருந்தது. மருந்துக் குறிப்புகளில் நரம்புப் பாதிப்பு அரிதான ஒன்றாக இன்றும் குறிப்பிடப்படுகிறது. எனவே அப்படி நடக்கவே நடக்காது என்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் நம் வீடுகளில் கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் பெரும்பாலும் சர்க்கரை நோயாளியாகவும் இருக்கிறார். பாதம் மதமதப்பதற்கு முதல் காரணம் சர்க்கரைதான். சர்க்கரைக்கு ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும்போது வைட்டமின் பி12 குறைந்து, அதனாலும் நரம்பு பாதிக்கப்படும். பி12 அளவை ஒரு இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம், குறைந்திருந்தால் ஈடுகட்டவும் முடியும். காசநோய்க்கு எடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரையும் இப்படிச் செய்யும், அதற்காகத்தான் கூடவே பி6 கொடுக்கிறார்கள். இவற்றையெல்லாம் பார்க்காமல் பழியைக் கொழுப்பு மாத்திரையின் மேல் போட்டு நிறுத்தினால், மதமதப்பும் போகாது, இதயத்துக்கு இருந்த பாதுகாப்பும் போய்விடும்.

உளூ செய்யும்போது கால் விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுகிறோமே, அந்த நேரத்தில் விரல் படுவது தெரிகிறதா என்று கவனியுங்கள். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் குளிர்காலத்தில் வெந்நீரை நேராகக் காலில் ஊற்றிப் புண்ணாக்கிக்கொள்வதும் நடக்கிறது. முதலில் முழங்கையால் சூட்டைப் பார்க்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது

போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். மாத்திரை தொடங்கிய தேதி, வலி தொடங்கிய தேதி, எந்த இடம், ஒரு பக்கமா இரண்டு பக்கமா, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை. "உடம்பெல்லாம் வலி டாக்டர்" என்பதைவிட, "நாற்பது நாளாக மாத்திரை, இருபது நாளாக இரண்டு தொடையும் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை" என்பது மருத்துவருக்கு உதவும். உம்ராவிலிருந்து வந்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும். ஸஃயீ மட்டுமே மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை. பழக்கமில்லாத நடையும், தசையில் போட்ட ஊசியும்கூட சி.பி.கே. அளவை ஏற்றிவிடும்.

அவர் சி.பி.கே., தைராய்டு, சிறுநீரகம், தேவைப்பட்டால் வைட்டமின் டி, பி12 பார்க்கலாம். சி.பி.கே. இயல்பின் மேல் வரம்பைப் போலப் பத்து மடங்கைத் தாண்டினால் மாத்திரையை நிறுத்தச் சொல்வார். இல்லையென்றால் சில வாரம் நிறுத்திப் பார்த்து, வலி போனதா, மறுபடி தொடங்கினால் வருகிறதா என்று சோதிப்பார். அளவைக் குறைப்பது, வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவது, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பது என்று வழிகள் உண்டு. ஒரு ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்கிறது. எதுவுமே முடியாவிட்டால் எசெட்டிமைப் இருக்கிறது. பெம்பெடோயிக் அமிலம் என்ற மாத்திரை கல்லீரலில் மட்டும் செயல்படும் வடிவத்துக்கு மாறுகிறது, தசையில் மாறுவதில்லை. ஸ்டாட்டின் தாங்காத சுமார் 14,000 பேரிடம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வில் அது மாரடைப்பு உள்ளிட்ட பெரிய பாதிப்புகளை 13 சதவீதம் குறைத்தது. ஊசி மருந்துகளும் உண்டு, விலைதான் அதிகம். "இது ஒத்துக்கொள்ளவில்லை, வேறு என்ன வழி?" என்று கேட்பது மருத்துவரை மதிக்காததாகாது. நிறுத்திவிட்டு, சாப்பிடுகிறேன் என்று அவரிடம் சொல்வதுதான் பெரிய தீங்கு. அவர் அந்தச் சொல்லை நம்பித்தான் அடுத்த மருந்தை எழுதுவார்.

நம்மிடம் கேட்கப்படும் மார்க்கக் கேள்விகள்

நோன்பு வைத்துக்கொண்டு பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தால் ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டு மத்ஹபுகளிலும் நோன்பு முறியாது. அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் நாளுக்கு ஒன்று, எந்த நேரத்திலும் எடுக்கலாம். எனவே இஃப்தாருக்குப் பின்னோ தராவீஹுக்குப் பின்னோ எடுத்தால் போதும், இந்த மாத்திரைக்காக நோன்பை விடத் தேவையில்லை. கேப்ஸ்யூல் உறையின் ஜெலட்டின் பற்றிச் சந்தேகப்படுபவர்கள், அதே மருந்து மாத்திரையாகக் கிடைக்குமா என்று கேட்டு மாற்றிக்கொள்ளலாம். மாற்றும் வரை நிறுத்திவைக்கக் கூடாது.

நாற்காலி விஷயம். ஷாஃபிஈ மத்ஹபில், நிற்க முடிந்து ஸஜ்தா மட்டும் முடியாதவர் நிலையில் நின்றே ஆக வேண்டும், முடியாத இடத்துக்கு மட்டும் உட்கார்ந்து சைகை செய்வார். ஹனஃபி மத்ஹபில், ஸஜ்தாவே செய்ய இயலாதவருக்கு நிற்பதும் கட்டாயமாகாது, உட்கார்ந்து சைகையால் தொழலாம். இரண்டிலும் சலுகை, இயலாமை இருக்கும் வரைதான். அந்த இயலாமை மாத்திரையாலோ தைராய்டாலோ வந்து, சரிசெய்யக் கூடியதாக இருந்தால் சரிசெய்ய முயல வேண்டும். ஆகவே இப்போது யாராவது நாற்காலி கேட்டால், "எப்போதிலிருந்து? என்ன மாத்திரை?" என்று கேட்டுவிட்டுத்தான் மஸ்அலா சொல்கிறோம்.

பள்ளிவாசலுக்கு வரும் ஆண்களையாவது நாம் பார்க்கிறோம். வீட்டில் தொழும் உம்மாக்கள் நாற்காலிக்கு மாறியதை யாரும் பார்ப்பதில்லை, அவர்களும் யாரிடமும் கேட்பதில்லை. தைராய்டுக் குறைவும் இந்தத் தசைத் தொல்லையும் பெண்களுக்குத்தான் கூடுதலாக வருகின்றன. உங்கள் உம்மாவோ நன்னியோ கட்டிலில் உட்கார்ந்து தொழுகிறார்கள் என்றால், எந்த மாதத்திலிருந்து என்று கேளுங்கள். அந்த மாதம் மாத்திரைப் பெட்டியில் புதிதாக என்ன வந்தது என்றும் பாருங்கள்.